கோல் விழாத வெள்ளிக்கிழமை

ஹட்டன்
24.03.2024, ஞாயிறு

அன்பு மச்சான்,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை, நீ அனுப்பிய தைலமும் தீர்ந்துவிட்டது. சின்னவள் மே மாதம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். சிவனொளிபாதமலை சீசன் என்பதால் ஆட்டோவுக்கு ஓட்டம் இருக்கிறது. ராத்திரி ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மலையடிவாரத்து நல்லதண்ணியில் கொண்டுபோய் விட்டுவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறேன்.

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ கோபித்துக்கொண்டால் அது நியாயம்தான். இதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பத்தான் பார்த்தேன். நாலு தடவை பேசி, நாலு தடவையும் அழித்துவிட்டேன். மேட்டு லயத்துப் பையன் வியாழக்கிழமை டோஹாவுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நமக்குக் கோல் காத்த நம் கோலியும் நானும் வெள்ளிக்கிழமையிலிருந்து பேசுவதில்லை. முப்பது வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை. தப்பு என்னுடையது.

வெள்ளிக்கிழமை மெட்ச் உனக்குத் தெரிந்திருக்கும். கொழும்பில் நம் இலங்கை உதைபந்தாட்ட டீமும் பப்புவா நியூ கினியும். சிநேகபூர்வ ஆட்டம்தான், ஆனால் ஃபிஃபாவே வேறு வேறு கண்டத்து நாடுகளைச் சேர்த்து நடத்துகிற தொடர். நம் ஊரில் நடக்கிறது என்றதும் பையன்களுக்கு ஒரே குஷி. சலூனில் கண்ணாடிக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்து பதினைந்து பேர் பார்த்தோம். சவரம் பண்ண வந்தவர்கள்கூட முகத்தில் நுரையோடு திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். கோலி கடையைப் பூட்டிவிட்டு வந்தான். அவன் மெட்சுக்காகக் கடை பூட்டி நான் பார்த்தது 2021-இல், செஷல்ஸோடு நடந்த ஃபைனலுக்கு. உனக்கு நினைவிருக்கும், ஜெர்மனியில் பிறந்த நம் வசீம் ராசீக் மாலைத்தீவுக்கு எதிராக நாலு கோல் போட்டு 4-4 ஆக்கிய அந்தத் தொடர்தான். ஃபைனலில் 3-3க்கு வந்து பெனால்டியில் விட்டோம். அன்றைக்கும் இதே சலூன்தான்.

இந்த முறை 0-0.

தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன். கோல் விழும், இதோ விழும் என்று 90 நிமிடம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தோம், விசில் அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சலூனில் பேச்சு பொரி பொரி என்று பொரிந்தது. மெஸ்ஸி சட்டை போட்ட பையன், சொந்த ஊரில் ஒரு கோல் போட முடியாதவனுக்கு எதற்கு சப்பாத்து என்றான். வெளிநாட்டில் பிறந்தவர்களை இன்னும் பத்துப் பேர் கொண்டுவந்தால்தான் உருப்படும் என்றான் ஒருவன். இங்கே கிரவுண்டே இல்லாமல் வெளியே இருந்து ஆள் எடுத்தால் நம் பிள்ளைகள் எப்போது விளையாடுவது என்று இன்னொருவன் எகிறினான். சலூன்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, கிரிக்கெட்டையும் தடை பண்ணினார்கள், பந்தையும் தடை பண்ணினார்கள், ஒரே வருடத்தில் இரண்டையும் தடை பண்ணிய நாடு வேறு எங்கே இருக்கிறது என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நான் டீமுக்காகப் பேசினேன். 2023 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஃபிஃபா தடை. ஏழு மாதம் ஒரு சர்வதேச மெட்ச்கூட இல்லை. அந்த வருடத் தெற்காசியத் தொடருக்கு மற்ற எல்லாரும் பெங்களூருக்குப் போனபோது நம் பையன்கள் வீட்டில் இருந்தார்கள். தடை நீங்கி இரண்டே மாதத்தில் யேமனோடு உலகக் கிண்ணத் தகுதிகாண் மெட்சில் இறக்கிவிட்டார்கள். அங்கே 3-0, இங்கே வந்து 1-1. ஏழு மாதம் கவ்வாத்து வெட்டிப் போட்ட மலையில் மறுநாளே கொழுந்து கேட்டால் எங்கே இருந்து வரும்? இப்போதுதான் துளிர் விடுகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். முந்தின நாள்தான் இந்தியாவே ஆப்கானிஸ்தானோடு 0-0 என்று முடித்திருந்தது. அதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கோலி அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தியா என்றதும் எழுந்தான். "இந்த டீமுக்கு நாம ஏன்டா நெஞ்சில அடிச்சிக்கிறோம்? நம்ம ஆளுங்க இங்க வந்து இருநூறு வருஷம்னு போன வருஷம் தலைமன்னார்லேருந்து மாத்தளைக்கு நடந்தாங்க. நடந்து முடிச்சும் கணக்கெடுக்கிற தாள்ல நீயும் நானும் இந்தியத் தமிழர்தான். லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்ல. நாள் சம்பளம் ஆயிரத்துலேயே நிக்குது. அவன் கோல் போட்டா என்ன, போடாட்டி என்ன?" என்றான்.

பதினைந்து பேருக்கு முன்னால் சொன்னான் மச்சான். பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "அப்படின்னா நீ அன்னைக்கே கப்பல் ஏறிப் போயிருக்கலாமே" என்று சொல்லிவிட்டேன்.

என் வாயாலேயே சொன்னேன். நம் அப்பன்களைப் பார்த்து டவுனில் மற்றவர்கள் சொன்ன அதே வார்த்தை. நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே வார்த்தை. அதைக் கோலியைப் பார்த்து நான் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனான்.

அன்றிலிருந்து எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. 95-தான் திரும்பத் திரும்ப வருகிறது. தெற்காசியக் கிண்ண ஃபைனல், கொழும்பு, இந்தியாவுக்கு எதிராக. டவுனில் ரேடியோ கடை வாசலில் நாம் மூன்று பேரும் நின்றோமே. கூடுதல் நேரத்தில் அந்த ஒரு கோல் விழுந்ததும் கோலி என்னைத் தூக்கிக்கொண்டு சாக்கடைக்குள்ளேயே குதித்தான். கடைக்குள்ளே இருந்து ஒருவர், "ஏன்டா, இந்தியா தோத்ததுக்கு நீங்க ஏன் சந்தோசப்படுறீங்க?" என்று கேட்டார். நீதான் அவருக்குப் பதில் சொன்னாய். என்ன சொன்னாய் என்று இப்போது நினைவில்லை. உனக்கு நினைவிருந்தால் எழுது.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொன்னதே இல்லை. சேறும் சகதியுமாக ஓடிப்போய், "ஜெயிச்சிட்டோம்" என்றேன். அம்மா இஸ்தோப்பில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தது. "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டது. "நாம" என்றேன். "நாமன்னா எது தம்பி?" என்றது. கேலி இல்லை, தெரியாமல்தான் கேட்டது. பெட்டிக்குள்ளே எங்கள் வீட்டு இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது, தாத்தா விண்ணப்பம் போட்டு வாங்கியது. 84-இல் இந்தியாவுக்குப் போகிற கப்பல் நின்றதால் நாங்கள் நின்றோம், அவ்வளவுதான். பெரியம்மா குடும்பம் முன்னாலேயே போய்க் கூடலூரில் இறங்கிவிட்டது. கோலி வீட்டிலும் இதே கதை. லயத்துக் களத்தில் இரண்டு கப்டன் நின்று உனக்கு ஒருத்தன், எனக்கு ஒருத்தன் என்று ஆள் பிரிப்போமே, அப்படித்தான் 64-இல் இரண்டு நாடும் நம்மைப் பிரித்தன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அந்தப் பக்கம், 3 இலட்சம் பேர் இந்தப் பக்கம், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. ஆக, 95-இல் அந்தச் சாக்கடையில் குதித்தபோது கோலியும் நானும் இந்த நாட்டுக் குடிமக்களே இல்லை. 2003-இல் சட்டம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தாள் கிடைத்தது. அம்மா அதைப் பழைய பாஸ்போர்ட்டோடு ஒரே துணியில்தான் இன்னும் சுற்றி வைத்திருக்கிறது.

கோலிக்குத் தாள் கிடைத்தபோது அவனுக்கு இருபத்துநாலு முடிந்திருந்தது. 97-இல் டீம் தெரிவுக்குப் போனானே, உன் கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டு. ஐடென்டிகார்ட் எங்கே என்று கேட்டு, வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரு பந்துகூட அவனை நோக்கி அடித்துப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்தக் கையுறையைக் கழற்றவே இல்லை அவன். டிக்கட்டுக்குக் காசைக்கூட அதோடுதான் எடுத்துக் கொடுத்தான். இந்த டீமைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்ல அவனுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? அவனிடம் போய் நான் கப்பல் பேச்சுப் பேசினேன்.

ஆனாலும் மச்சான், டீம் விஷயத்தில் என் மனசு மாறவில்லை. அது நம் டீம்தான். யாரோ கொடுத்து நாம் வாங்கியதில்லை, தாள் வருவதற்கு எட்டு வருடம் முந்தியே சாக்கடையில் குதித்து நாமாக எடுத்துக்கொண்டது. சலூனில் அத்தனை பேரும் அப்படித் திட்டினார்களே, எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு பக்கம் சந்தோசம். பக்கத்து நாட்டு டீம் 0-0 அடித்தால் எவன் தொண்டை கிழியக் கத்துவான்? இதைத்தான் கோலியிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

நேற்று மத்தியானம் மஸ்கெலியாப் பக்கம் ஓட்டம். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் கீழே போய், கரை ஓரமெல்லாம் வெடித்த சேறாகக் கிடக்கிறது. அதில் பையன்கள் இரண்டு பக்கமும் கல் வைத்துப் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கோலில் நின்றவனுக்குப் பத்து வயதுகூட இருக்காது. அந்தக் காய்ந்த சேற்றில் அப்படியே பாய்ந்து விழுகிறான், முழங்கை தேய்வதைப் பார்ப்பதே இல்லை. ஆட்டோவை நிறுத்திவிட்டேன். பின்னால் இருந்த அக்கா, ஏன் தம்பி, பெட்ரோல் முடிஞ்சிடுச்சா என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வழக்கமாக இப்படி எதையாவது பார்த்தால் கோலிக்குத்தான் முதலில் போன் பண்ணுவேன்.

சரி, நேரமாகிவிட்டது, ரயில் வரப்போகிறது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

26, செவ்வாய்

நேற்று பூட்டானை 2-0 என்று வென்றுவிட்டோம். நீ கேள்விப்பட்டிருப்பாய். கட்டார் ஆசியக் கிண்ணம் வென்ற ராத்திரி அக்ரம் அஃபீஃப் மூன்று பெனால்டி போட்டதை ஒன்றொன்றாகப் படம் எடுத்து அனுப்பினாயே, இதற்கு ஒன்றுகூட வரவில்லை. சம்பளம் கொடுக்கிற நாட்டைப் பார்த்ததும் பிறந்த நாட்டை மறந்துவிட்டாயா? வா, லீவில் வரும்போது பேசிக்கொள்கிறேன்.

நான் மெட்சைப் பார்க்கவில்லை. நம் தோட்டத்துப் பங்குனி உத்திரம், தேர் இழுத்துக்கொண்டிருந்தேன். மேட்டு லயத்துத் திருப்பத்தில் சக்கரம் இறங்கி ஒரு மணி நேரம் போராட்டம். யாரோ ஒரு பையன் போனைப் பார்த்துக் கூவினான், அப்படித்தான் ஸ்கோர் தெரிந்தது. கோலி மறுபக்க வடத்தில் நின்றான். தேருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். சாமி பெட்டிக்குள் போகும் வரைக்கும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று காலை மஞ்சள் நீராட்டு. பீலியடியில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாளியோடு வந்தான். தண்ணீர் நிறைகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள், வாளியைப் பார்த்தபடியே, "கீப்பருக்கு வேலை இருந்துச்சா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை மச்சான். "நான் பார்க்கல, ஸ்கோர் மட்டும்தான் தெரியும்" என்றேன். "ம்" என்றான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, அதற்குள் பிள்ளைகள் மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்து இரண்டு பேர் மேலேயும் ஊற்றிவிட்டார்கள்.

நீ அவனுக்குப் போன் பண்ணு. நான் எழுதியதாகச் சொல்லாதே. கடைச் செய்தி கேள், மகளுடைய படிப்பைக் கேள், 95-ஐப் பற்றியும் கேள். அப்புறம் ஒரு உதவி. அந்த பூட்டான் மெட்ச் முழுசாக எங்கேயாவது கிடைத்தால் தேடி அவனுக்கு அனுப்பு. எனக்கு அனுப்ப வேண்டாம். நான் அவன் கடைக்குப் போய், அவன் போனில் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்குத் தைலம் இரண்டு போத்தலாக அனுப்பு.

அன்புடன்,
உன் ரைட் விங்