நாற்பது ஏக்கரில் வந்த நோய்

அன்புள்ள மாட்டு டாக்டருக்கு,

வணக்கம். இங்கே அமெரிக்காவில் எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று உன் தங்கை போனில் பேசிவிட்டுச் சொன்னாள். முழங்கால் ஆபரேஷனை நீ தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதையும் சொன்னாள். ஊரிலிருக்கும் மாடுகளுக்கெல்லாம் ஊசி குத்தியவன் ஒரு ஊசிக்குப் பயப்படலாமா? சீக்கிரம் செய்துகொள். சின்னவனுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு நான் பதில் போடவில்லை. "நாலு வருஷம் கிண்டியில் மான்களுக்கு நடுவில் படித்தவன், இப்போது துப்பாக்கியோடு பரண் மேல் உட்கார்ந்து மானைச் சுடுகிறாயாமே, உனக்கு மனசு வருகிறதா?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுத முடியாது. வேட்டை சீசன் முடியட்டும், நிதானமாக எழுதலாம் என்று இருந்தேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. நண்பனாக மட்டுமில்லை, டாக்டராகவும் நீ எனக்கு வேண்டும்.

மேற்குப் பக்கத்துப் பால்பண்ணைக்காரரை உனக்கு நினைவிருக்கும். நீ வந்தபோது அவருடைய கன்றுக்குட்டியின் வாயைத் திறந்து பார்த்து, அவர் மனைவியை அசத்தினாயே, அவர்தான். சீசனின் முதல் சனிக்கிழமை அவர் ஒரு பெரிய கொம்பு மானைச் சுட்டார். எங்கள் எல்லோருக்கும் பழக்கமான மான் அது. மரத்தில் கட்டியிருக்கும் கேமராக்களில் குட்டிப் பருவத்திலிருந்து அதைப் பார்த்து வருகிறோம். கொழுகொழு என்று இருந்தது, பளபளக்கும் ரோமம், ஓட்டத்தில் ஒரு தடுமாற்றம் கிடையாது. வழக்கம்போல தொண்டையின் பின்பக்கத்து நிணநீர் முடிச்சுகளைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். ரிப்போர்ட் வரும்வரை கறியைத் தனியாகச் சீட்டு ஒட்டி ஃப்ரீசரில் வைத்திருந்தார். நல்லவேளை. ரிப்போர்ட்டில் சி.டபிள்யூ.டி. பாசிட்டிவ், அதாவது கிரானிக் வேஸ்டிங் டிசீஸ், மானை மெலிய வைத்துக் கொல்லும் மூளை நோய். எங்கள் பக்கத்தில் இதுதான் முதல்.

உனக்கு இதை விளக்க வேண்டாம். ஆடுகளுக்கு ஸ்கிரேப்பி, மாடுகளுக்குப் பைத்திய மாட்டு நோய், மானுக்கு இது. கிருமி இல்லை, வைரஸ் இல்லை, உருமாறிப்போன ஒரு புரதம். 1967ல் கொலராடோவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அடைத்து வைத்திருந்த மான்களிடம்தான் முதலில் கண்டார்கள். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் கண்டுபிடித்தது 2002ல், தலைநகர் மேடிசனுக்கு மேற்கே மவுண்ட் ஹோரப் பக்கம். வந்தால் சாவுதான், மருந்து இல்லை. ஒன்றரை, இரண்டு வருஷம் வெளியே ஒன்றும் தெரியாது. எச்சிலில், சிறுநீரில், சாணத்தில் வெளியேறி மண்ணில் பல வருஷம் கிடக்கும். மனிதனுக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான ஒரு கேஸ்கூட இல்லை. ஆனாலும் பாசிட்டிவ் வந்த கறியைத் தின்ன வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அவரும் தூக்கிப் போட்டுவிட்டார்.

என் தூக்கத்தைக் கெடுப்பது நோய் வந்தது மட்டுமில்லை. அந்த மான் அந்த வயதுவரை வாழ்ந்ததே பக்கத்து நிலக்காரர்களோடு நாங்கள் போட்ட ஒப்பந்தத்தால்தான். அதைப் புரிந்துகொள்ள உன் பழைய கேள்விக்கு நான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் நிலம் நாற்பது ஏக்கர். இங்கே அரசாங்கம் நிலத்தைச் சதுர மைல் கணக்கில் அளந்து, ஒவ்வொரு சதுர மைலையும் பதினாறாக வெட்டிய துண்டு அது. ஒரு பெட்டை மான் வருஷம் முழுக்கச் சுற்றும் இடமே பல நூறு ஏக்கர். ஆகவே என் நிலத்தில் மேயும் மான் எதுவும் என் மான் இல்லை. சட்டமும் அப்படித்தான்: காட்டு விலங்கு மாநிலத்தின் சொத்து, மக்கள் சார்பில் அரசு பாதுகாக்கிறது. நான் நிலத்துக்கு மட்டும் சொந்தக்காரன்.

ஆனால் நிலம் அழிவதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஓக் மரக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சதுரத்துக்குக் கம்பி வேலி போட்டேன். மூன்றாம் வருஷம் உள்ளே ஓக் கன்றுகள் இடுப்பு உயரம். வெளியே ஒன்றுகூட இல்லை. கையெட்டும் உயரம்வரை எல்லாத் துளிரையும் மான் தின்றுவிடுகிறது. வசந்தத்தில் காட்டுத்தரையில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும் டிரில்லியம் என்று ஒரு செடி, அதுவும் வேலிக்குள்தான் பூக்கிறது. பெரிய மரங்கள் விழுந்தால் அந்த இடத்துக்கு வர அடுத்த தலைமுறை இல்லை. ஓநாய்களை இந்த மாநிலத்திலிருந்து 1960க்குள் துடைத்து எடுத்துவிட்டார்கள். பிறகு பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவிலிருந்து கொஞ்சம் திரும்பி வந்திருக்கின்றன, எங்கள் பக்கத்தில் மானைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு இல்லை. சுற்றிலும் மக்காச்சோளம், சோயா, குதிரைமசால். நன்றாகத் தின்ற பெட்டை மான் வருஷம் இரண்டு குட்டி போடும். நீயே கணக்குப் போட்டுக்கொள்.

1900 வாக்கில் அமெரிக்கா முழுவதற்கும் இந்த வெள்ளைவால் மான் சில லட்சம்தான் மிஞ்சியிருந்தது. கறிக்கும் தோலுக்கும் சந்தைக்குச் சுட்டுத் தள்ளியதன் விளைவு. இன்று சுமார் 3 கோடி. காப்பாற்றியதும் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் கொடுத்த பணம்தான்: 1937லிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. காட்டு மான் கறியை விற்கக் கூடாது என்ற விதியும் அந்தப் பழைய சூறையாட்டத்தைப் பார்த்து வந்ததுதான்.

ஆல்டோ லியோபோல்ட் என்று ஒரு வனவிலங்குப் பேராசிரியர். 1935ல் எங்களுக்குத் தெற்கே ஸாக் கவுண்டியில் பாழாய்ப்போன ஒரு மணல் பண்ணையை வாங்கி, மனைவி மக்களோடு மரம் நட்டார். அந்தக் கோழிக்கொட்டகை வீடு இன்னும் இருக்கிறது, அடுத்த முறை உன்னைக் கூட்டிப் போகிறேன். அவர் பெட்டை மானையும் சுட வேண்டும், இல்லாவிட்டால் காடும் மானும் சேர்ந்து அழியும் என்று சொன்னார். 1943ல் அப்படி ஒரு சீசன் வைத்தபோது மாநிலமே கொதித்தது, '43ஆம் வருஷக் குற்றம்' என்று பெயர் வைத்துத் திட்டினார்கள். உன் கடிதத்தைப் படித்தபோது அந்தத் திட்டு அப்படியே கேட்டது. கொம்பு மானைச் சுட்டால் வீரம், பெட்டை மானைச் சுட்டால் பாவம் என்று நினைப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். நான் சுடுவது பெட்டை மானை மட்டும்தான், மனசு வைத்துத்தான் சுடுகிறேன். தூரமோ கோணமோ சரியில்லை என்றால் விரலை எடுத்துவிடுவேன். சுட்டதை வீணாக்குவதில்லை. எங்களுக்கு வேண்டியது போக மிச்சம் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் மையத்துக்குப் போகிறது. உன் தங்கை வைக்கும் மிளகுக் குழம்பில் இந்தக் கறி எப்படி இருக்கும் என்று உன் நாக்கே சாட்சி சொல்லும், அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கியவன் நீ.

சரி, ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நாற்பது ஏக்கரில் தனியாக ஒன்றும் செய்ய முடியாது என்பதால், பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்தோம். எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ஏக்கருக்கு மேல். பெட்டை மான்களைக் கணிசமாகக் குறைப்பது. இளம் கொம்பு மான்களைச் சுடாமல் வளர விடுவது. சுட்ட ஒவ்வொன்றின் தாடையையும் பார்த்து வயது எழுதுகிறோம். நீ ரசிப்பாய்: கீழ்த்தாடையில் மூன்றாவது முன்கடைவாய்ப்பல் மூன்று மடலோடு இருந்தால் அது இன்னும் பால்பல், மான் ஒன்றரை வயதுக்கு மேல் இல்லை, இரண்டு மடலோடு புதுசாக இருந்தால் அதற்கு மேல். அதற்கப்புறம் தேய்மானத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். இந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெட்டை மான்களின் எடை கூடியது. முதிர்ந்த கொம்பு மான்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. இப்போதுதான் சிக்கல். இந்த நோய் பெட்டைகளைவிட முதிர்ந்த கிடாக்களில்தான் அதிகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. நவம்பரில் இணை தேடி மைல் கணக்கில் ஓடுவதும், போகும் வழியில் மற்ற மான்கள் தரையைக் கிளறிச் சிறுநீர் விட்ட மோப்பக் குழி எல்லாவற்றிலும் மூக்கை வைப்பதும் அவைதான். தென்மேற்கு விஸ்கான்சினில் சில இடங்களில் முதிர்ந்த கிடாக்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோய். அப்படியானால் நாங்கள் ஆசையாசையாக வளர்த்தது நோயைச் சுமக்கக்கூடிய மான்களையா?

அடுத்த மாதம் எட்டுப் பேரும் உட்காருகிறோம். இப்போதே இரண்டு கட்சி. வடக்குப் பக்கத்துப் பழைய பள்ளிக்கூட ஆசிரியர், "இத்தனை வருஷ உழைப்பைக் கைவிட முடியாது, கிடாக்களை விட்டுவிடுவோம், நோய் எப்படியும் பரவும்" என்கிறார். ஒரு இளைஞன் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்கிறான். இரண்டுமே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. சுட்டுத் தீர்த்தால் வசந்தத்தில் பக்கத்து நிலங்களிலிருந்து இளம் கிடாக்கள் வந்து நிரப்பும். ஒரு வயதானதும் பிறந்த இடத்தை விட்டுப் போவது அவற்றின் சுபாவம். பெட்டைகள் தாயின் பக்கத்திலேயே தங்கும், அதனால் அவற்றைக் குறைத்தால் அந்தப் பலன் நிலைத்திருக்கும்.

விஸ்கான்சினில் 2002க்குப் பிறகு அரசு மான்களை வேகமாகக் குறைக்கப் பார்த்தது. நிலக்காரர்கள் ஒத்துழைக்கவில்லை, சில வருஷத்தில் கைவிட்டார்கள், நோய் ஏறியது. பக்கத்து இல்லினாயில் அதே 2002ல்தான் நோய் வந்தது. அவர்கள் பாசிட்டிவ் வந்த இடத்தைச் சுற்றி மட்டும், வருஷா வருஷம், விடாமல் குறைத்தார்கள். அடுத்த பத்து வருஷம் அங்கே நோய் சுமார் ஒரு சதவீதத்திலேயே நின்றது. கூட்டத்தில் இதைத்தான் சொல்லப் போகிறேன். கிடாக்களுக்குக் கொடுத்த பாதுகாப்பை எடுத்துவிட வேண்டும். பெட்டைகளை இன்னும் குறைக்க வேண்டும். மான்கள் ஒரே இடத்தில் வாய் வைக்கும்படி உப்புக்கட்டி, சோளக் குவியல் எதுவும் கூடாது, அதற்குத் தடை வேறு இருக்கிறது. தீவனம் வேண்டுமானால் மரங்களைப் பாதி வெட்டிச் சாய்த்துவிடலாம், துளிர் பரவலாகக் கிடைக்கும், ஒளிய இடமும் ஆகும். சுட்ட மான் ஒவ்வொன்றும் பரிசோதனைக்குப் போக வேண்டும். முதுகெலும்பும் தலையும் காட்டில் கிடக்கக் கூடாது, குப்பைக் கிடங்கின் குழிக்குத்தான் போக வேண்டும்.

கிண்டியில் நாம் பார்த்த புள்ளிமான்களை நினைத்துக்கொள்கிறேன். சுற்றிலும் சுவர், வேட்டையாட ஒரு பெரிய மிருகம் இல்லை, பிளாஸ்டிக் பையைத் தின்றுகொண்டு நிற்கும். பார்க்க அழகு, அது மான்கூட்டம் வாழும் வாழ்க்கை இல்லை என்று அப்போதே நீதான் வாதாடினாய். அந்த ராத்திரி வார்டன் கதையை இங்கே எழுத மாட்டேன், உன் மருமகள் கடிதத்தைப் படிப்பாள்.

இப்போது டாக்டருக்கு என் கேள்விகள். கத்திகளை நாலு பங்கு வீட்டு பிளீச், ஆறு பங்கு தண்ணீர் கலந்து ஐந்து நிமிஷம் ஊற வைக்கச் சொல்கிறார்கள். கத்தியில் ஒட்டிய சதைக்குள் அது போகாதாம், முதலில் தேய்த்துக் கழுவ வேண்டுமாம். தோலுரிக்கும் மேடையின் மரப்பலகைக்கு என்ன செய்வது? நான் எரித்துவிடலாம் என்று நினைக்கிறேன். பால்பண்ணைக்காரர் தன் மாடுகளை நினைத்துப் பயப்படுகிறார். மாடு மேயும் இடத்தில் இதுவரை இயற்கையாகத் தொற்றியதாகத் தெரியவில்லை என்று சொன்னேன், என் வார்த்தையைவிட உன் வார்த்தையை அவர் நம்புவார்.

இன்னொன்றுதான் முக்கியம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) வந்து செத்த மாட்டைத் தோலுரிக்காமல், அறுக்காமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வைப்பாய். தோலுக்குக் கிடைக்கும் காசு எவ்வளவு பெரிசு அந்த வீடுகளில். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தாய்? என்ன சொன்னாய், யாரிடம் முதலில் பேசினாய், பெரியவரிடமா, பெண்களிடமா? இந்த எட்டுப் பேரும் எனக்கு நல்ல மனிதர்கள். பனியில் டிராக்டர் கொண்டு வந்து என் பாதையைத் தள்ளிக் கொடுப்பவர்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டு விலகினால் அவருடைய நூற்று இருபது ஏக்கரும் எங்கள் நடுவில் ஓட்டையாகிவிடும்.

பொங்கலுக்கு முன்னால் எழுது. விரிவாக எழுது, உன் கையெழுத்தைப் படிப்பது என் பாடு. இல்லாவிட்டால் மருமகளிடம் சொல்லி டைப் அடித்து அனுப்பு. முழங்கால் தேதியையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்