பாரோ காலத்தில் பொற்காசு ஏது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கோடை விடுமுறைக்கான சிறுவர் நூல்களைப் பட்டியலிட்டிருந்தீர்கள். அதில் பண்டைய எகிப்தில் நடக்கும் சாகச நாவல்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தது எங்கள் வீட்டில் ஒருவனுக்குப் பரம சந்தோஷம். என் அண்ணன் மகன், பதினொரு வயது. அட்டையில் மம்மி படம் இருந்தால் போதும், விடமாட்டான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் வாசிப்பேன், அவன் கேட்பான். இந்த லீவில் மட்டும் நான்கு நாவல்களை முடித்துவிட்டோம்.

அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெயர் எதற்கு, விடுங்கள். கூஃபு மன்னர் கீஸாவில் பெரிய பிரமிடைக் கட்டிக்கொண்டிருக்கிற காலத்தில் கதை நடக்கிறது. கதாநாயகன் குதிரை பூட்டிய ரதத்தில் பறக்கிறான். சந்தையில் ஒட்டகங்கள் அசைபோடுகின்றன. வில்லன் ஒரு பை நிறையப் பொற்காசுகளை மேசைமேல் விட்டெறிகிறான். கூஃபு வாழ்ந்து இன்றைக்கு ஏறத்தாழ 4,600 வருஷம் ஆகிறது. குதிரையும் ரதமும் எகிப்துக்கு வந்தது அவருக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் கழித்து. ஒட்டகம் அங்கே சுமை தூக்க ஆரம்பித்தது இன்னும் பிந்தி. ராஜராஜ சோழன் கும்பகோணத்தில் ரயிலேறிப் போனான் என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

சிறுவர் கதைதானே, இவ்வளவு கறார் வேண்டுமா என்று என் அண்ணனே கேட்டார். ரதத்தைக்கூட மன்னித்துவிடலாம். அந்தக் காசுப் பையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் அது ஒரு நல்ல கதையையே மூடி மறைத்துவிடுகிறது. பாரோக்களின் எகிப்தில் மிகப் பெரும்பாலான காலம் நாணயமே கிடையாது. கூலி என்றால் கோதுமை, பார்லி, ரொட்டி, பீர். பொருளுக்கு மதிப்புச் சொல்ல வேண்டுமென்றால் செம்பின் எடையில் சொல்வார்கள். கூஃபுக்கு வெகுகாலம் பின்னால், ராமேசஸ் என்ற பெயருடைய பாரோக்கள் ஆண்ட காலத்தில், அந்த அளவுக்கு டெபன் என்று பெயர், ஒரு டெபன் சுமார் 91 கிராம். சரி, கூலியே தானியம் என்றால், தானியம் வராமல் போனால்?

வராமல்தான் போனது. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த தொழிலாளிகள் இன்று டெய்ர் எல் மதீனா எனப்படும் ஊரில் குடும்பத்தோடு இருந்தார்கள். மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், சுமார் கி.மு. 1157இல், படி வந்து சேராததால் கருவியைக் கீழே போட்டுவிட்டு ஊர்ச்சுவரைத் தாண்டிப் போய்க் கோயில் பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்று சொன்னதை ஓர் எழுத்தர் குறித்துவைத்திருக்கிறார். அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) இப்போது இத்தாலியில் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். இதை நான் சொன்ன அன்றைக்குப் பையன் தூங்க மணி பதினொன்று ஆகிவிட்டது.

அதே ஊரில் வருகைப் பதிவேடுகூட உண்டு. இரண்டாம் ராமேசஸின் 40ஆம் ஆண்டு, ஒரு சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதியது, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று குறிப்பு. ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவனுக்குக் கண்ணில் நோய், ஒருவன் பீர் காய்ச்சப் போனான். "லீவ் லெட்டரா அத்தை?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

வில்லனுக்கும் பஞ்சமில்லை. பானெப் என்று ஒரு மேஸ்திரி. தன்னை வளர்த்தவரையே கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான், அரசர் கல்லறையில் திருடினான், அரசரின் மதுவைக் குடித்துவிட்டு அவருடைய கல் சவப்பெட்டிமேலேயே ஏறி உட்கார்ந்தான் என்றெல்லாம் அவன்மேல் புகார் எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு அவன்மேல் காழ்ப்பு இருந்தது என்பது வேறு விஷயம். நாவலாசிரியருக்கு அதுவும் லாபம்தானே.

என் மருமகனுக்குப் பிடித்ததோ அமென்பனூஃபர் என்ற கல்தச்சன். ஒன்பதாம் ராமேசஸ் காலத்தில் எட்டுப் பேராக ஆற்றைக் கடந்து போய், சோபெகெம்சாஃப் என்ற பழைய அரசரின் கல்லறையைச் செம்புக் கருவிகளால் குடைந்து, தங்கத்தை ஆளுக்கு 20 டெபன் என்று பங்கு போட்டுக்கொண்டதாக அவன் கொடுத்த வாக்குமூலம் கிடைத்திருக்கிறது. பிடிபட்டபோது தன் பங்கை அதிகாரியிடம் லஞ்சமாகக் கொடுத்துவிட்டு வெளியே வந்தானாம். கூட்டாளிகள் அந்த நஷ்டத்தை ஈடுகட்டினார்களாம்! இந்தப் பாப்பிரஸே இரண்டு துண்டு. கீழ்ப்பாதி வெகுநாள் தனியாகக் கிடந்தது. மேல்பாதி 1935இல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சிலைக்குள்ளிருந்து அகப்பட்டது. இதைவிடவா ஒரு சாபக் கதை வேண்டும்? (சாபம் என்றதும் எல்லோரும், திறந்தவரைக் கொன்றுவிடும் என்று துட்டன்காமன் கல்லறையைச் சொல்வார்கள். 1922இல் அதைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை உயிரோடு இருந்தார்.)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் படித்த நான்கில் மூன்றில், பிரமிடு கட்டுகிறவர்கள் சாட்டையடி வாங்கும் அடிமைகள். கீஸாவில் 1990இலிருந்து அந்தத் தொழிலாளிகளின் கல்லறைகளையே தோண்டி எடுத்துவருகிறார்கள், பக்கத்தில் ரொட்டி சுட்ட அடுப்புகளும் கிடைத்திருக்கின்றன. பிரமிடு நிழலிலேயே மரியாதையாகப் புதைக்கப்பட்டவர்களை இன்னும் எத்தனை நாவலில் சாட்டையால் அடிப்பது?

தங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை பட்டியல் போடும்போது, இந்த நாவலின் கடைசியில் எது வரலாறு, எது கற்பனை என்று ஆசிரியர் இரண்டு பக்கமாவது எழுதியிருக்கிறாரா என்று ஒரு வரி சேருங்கள். நாங்கள் படித்ததில் ஒரே ஒரு புத்தகத்தில் அது இருந்தது. கதையைவிட அந்தப் பக்கங்களைத்தான் அவன் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னான்.

அப்புறம், தங்கள் இதழில் எழுதும் சிறுவர் எழுத்தாளர் யாராவது அந்தக் கல்தச்சன் கதையை எழுத முன்வந்தால், இங்கே ஒரு வாசகன் தயாராக இருக்கிறான். ஒட்டகம் இருந்தால் படிக்க மாட்டானாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.