அபுஜாவில் பங்கு பிரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாதந்தோறும் அபுஜாவில் கூடி நைஜீரியாவின் வருவாயை மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளுக்குப் பங்கிடும் கூட்டாட்சிக் கணக்குப் பகிர்வுக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, லாகோஸிலிருந்து வணக்கம்.

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கணக்கெழுதிப் பிழைப்பவன். நைஜீரியக் குடிமகன் அல்லன். ஆனாலும் பதினோரு ஆண்டுகளாக இந்த ஊர்ச் சோற்றைத் தின்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் ஓர் இரவு எங்கள் அலுவலக ஓட்டுநரின் மனைவிக்கு வலி கண்டது. பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிவரச் சொன்னவை: கையுறை, பஞ்சு, பிளீச்சிங் திரவம், ஜெனரேட்டருக்குப் பெட்ரோல். செவிலியரைக் குறை சொல்லமாட்டேன். டார்ச் பேட்டரியைத் தன் சம்பளத்தில் வாங்கிப் போடுகிறவர் அவர். 2023 மே மாதம் வரை 200 நைராவுக்குள் கிடைத்த பெட்ரோல் அன்று லிட்டர் 1,000 நைராவைத் தொட்டிருந்தது. குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 70,000. ஓட்டுநர் வரிசையில் நின்று மூன்று லிட்டர் வாங்கி வருவதற்குள், கைப்பேசி வெளிச்சத்தில் குழந்தை பிறந்துவிட்டது. மறுநாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பெட்ரோலைத் திருப்பிக் கேட்டால் தவறாக நினைப்பார்களா?”

பெட்ரோலுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை 2023இல் நிறுத்தியது தவறென்று வாதாட வரவில்லை. அதில் எவ்வளவு பெட்ரோல் எல்லை தாண்டிப் போனது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் 1956இல் நைஜர் டெல்டாவின் ஒலோயிபிரியில் எண்ணெய் கண்ட நாளிலிருந்து, அந்தச் சொத்தில் ஓட்டுநரின் கைக்கு நேராக வந்த பங்கு மலிவான பெட்ரோல் ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டீர்கள். அதன்பின் நைராவின் மதிப்பும் சரிந்து, டாலரில் வரும் எண்ணெய்ப் பணத்துக்குக் கூடுதல் நைரா கிடைத்ததால், நீங்கள் பங்கிடும் நைராத் தொகை பெருகியது. பெருகியது எங்கே போயிற்று?

ஆரம்ப சுகாதாரம் உள்ளாட்சிகளின் பொறுப்பு. உங்கள் பங்கீட்டு வாய்பாட்டில் 774 உள்ளாட்சிகளுக்கு 20.60 சதவீதம் உண்டு. அது மாநில அரசின் கையிலுள்ள கூட்டுக் கணக்குக்குள் போய் வெளிவருவதற்குள் கரைந்துவிடுகிறது. பணத்தை உள்ளாட்சிகளுக்கே நேரடியாகக் கொடுங்கள் என்று 2024 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்து வந்த மாதங்களிலும் பழைய வழியே தொடர்ந்தது. தீர்ப்பை நிறைவேற்றுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எண்ணெய் தரும் வருமானத்தில் காலந்தள்ளும் அரசுக்குக் குடிமக்களின் வரி பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஆகவே அவர்களுக்குக் கணக்குச் சொல்லும் பழக்கமும் வருவதில்லை. அரசின் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளும் சேர்ந்து நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய்த் திறன் கொண்டவை என்று ஏட்டில் இருக்கிறது. ஏடு நன்றாகத்தான் ஓடியது. ஆலைகள் ஓடவில்லை, பெட்ரோல் கப்பலில் வந்தது. அஜாவோகுட்டா உருக்காலையோ பல பத்தாண்டுகளாக உருக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தந்திருக்கிறது: வாக்குறுதி, ஒப்பந்தம், வழக்கு. பரிமாறுகிறவர் நம்மவராக இருந்தால் கடைசிப் பந்தியிலும் உட்காரலாம் என்பார்கள் எங்கள் ஊரில். இங்கே பரிமாறுகிறவர்களுக்குள்ளேயே பந்தி முடிந்துவிடுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். உள்ளாட்சிப் பங்கை உள்ளாட்சிக்கே நேரடியாக அனுப்புங்கள். இந்த மாதம் எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதி அந்தந்தச் சுகாதார நிலையத்தில் ஒட்டச் சொல்லுங்கள். நான் சொன்ன நிலையத்தில் தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்துச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.

பணிவுடன்,
லாகோஸில் ஒரு கணக்கர்