ஒப்பந்த ஊழியர் வீட்டுக் கடன்: கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு எந்த வங்கியும் வீட்டுக் கடன் தராது என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள். அதனால் கந்துவட்டிக்கும் நகைக்கடனுக்கும் போய் மனை வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. தொகுப்பூதியச் செவிலியர், கௌரவ விரிவுரையாளர், ஏஜென்சி வழியாகக் கம்பெனிக்குப் போகும் டெக்னீஷியன் எல்லோருமே கடன் கேட்கலாம். வேலை தொடர்ந்து நடந்து வருகிறது என்று காட்டும் காகிதம் கோப்பில் இல்லாததால்தான் பல விண்ணப்பங்கள் திரும்புகின்றன.

நம் ஊரில் ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். நடப்பு ஆணையை மட்டும் கொடுத்தால், கடன் பிரிவு அதிகாரி கண்ணுக்குச் சில மாதத்தில் முடியப்போகும் வேலைதான் தெரியும். முதல் நியமன ஆணையிலிருந்து கடைசிப் புதுப்பிப்பு வரை தேதி வரிசையில் வைக்க வேண்டும். இரண்டு ஆண்டாவது தொடர்ச்சி இருந்தால்தான் பெரும்பாலான வங்கிகள் கோப்பைக் கையில் எடுக்கும். மே மாதச் சம்பளம் கிடையாத பணியென்றால், அதை அலுவலகத் தலைவரிடம் ஒரு வரியில் எழுதி வாங்கி இணையுங்கள். பாஸ்புக்கில் ஒரு மாதம் வரவு இல்லாததை வேலை போனதாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. வருமானக் கணக்கும் அதற்கேற்பத்தான்: 25,000 ரூபாய் 11 மாதம் வந்தால் ஆண்டுக்கு 2.75 லட்சம், மாதத்துக்கு 22,900 சொச்சம். கையில் வாங்கும் பேட்டாவோ ரொக்கமோ கணக்கிலேயே வராது.

ஏஜென்சி மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பிஎஃப் பெரிய துணை. பிஎஃப் உறுப்பினருக்குத் தரப்படும் யுஏஎன் எண் ஒன்றுதான். அதன்கீழ் ஒவ்வொரு ஏஜென்சிக்கும் தனிக் கணக்கு இருக்கும். பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓவின் தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியை எடுத்துப் பாருங்கள். பழைய ஏஜென்சி விலகிய தேதியைப் போடாமலோ, தப்பாகப் போட்டோ விட்டிருந்தால் இடைவெளி பெரிதாகத் தெரியும். விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது வருமான வரிக் கணக்கில். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் உங்கள் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 1961 வருமான வரிச் சட்டத்தின் 192 பிரிவில் இருந்தால் அது சம்பளம். தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே என்று 10 சதவீதம் பிடித்திருந்தால், வங்கி உங்களைச் சுயதொழில் செய்பவராகவே பார்த்து இரண்டு, மூன்று ஆண்டு ரிட்டர்ன் கேட்கும். இங்கேதான் சிக்கல். மாதம் 60,000 வாங்கும் ஒப்பந்தப் பொறியாளர், பிடித்த டிடிஎஸ் முழுவதும் திரும்ப வரட்டும் என்று செலவுக் கணக்கு இல்லாமலே வரவில் பாதியை வருமானமாகக் காட்ட விடும் அதே சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் பாதியை மட்டும் காட்டுகிறார். வங்கிக்கு அவர் மாத வருமானம் 30,000. அதில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கினால் 15,000. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 16.6 லட்சம். முழு வருமானம் காகிதத்தில் இருந்தால் அதே கணக்கில் 33 லட்சம் வரும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையான தொழில் வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டியதில்லை என்றிருக்க, செலவு போக உண்மையில் கையில் நிற்பதைக் குறைத்துக் காட்டுவது வீண். கடன் கேட்கப்போகும் ஆண்டில் ஒரே அடியாக ஏற்றிக் காட்டினாலும் எடுபடாது. இரண்டு ஆண்டு முன்பே தொடங்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வீடு பிடித்துவிட்டது என்று மூன்று மாதக் கெடு போட்டு ஒப்பந்தம் எழுதி, இரண்டு லட்சம் கொடுத்துவிட்டுப் பிறகு வங்கிக்குப் போகிறார்கள். கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் போய்விடக்கூடும். முதலில் வருமானத்தை வைத்துச் சாங்ஷன் (கடன் ஒப்புதல்) கடிதம் வாங்குங்கள். அதற்கு நேரமில்லை என்றால், 'வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும்' என்ற நிபந்தனையைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சாங்ஷன் வந்த பிறகும் பணம் விடுவிக்கும் முன் வேலையை மறுபடி விசாரிப்பார்கள். ஆகவே ஒப்பந்தம் புதுப்பித்த கையோடு விண்ணப்பிப்பதே நல்லது.

கைப்பணமும் கணக்கில் இருக்கட்டும். 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அது உச்சவரம்புதான், ஒப்பந்த ஊழியருக்கு வங்கி அவ்வளவு தராமலும் போகலாம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 சதவீதம் பொதுவாக உங்கள் பாடு. இதற்கு மேல் ஆறு மாதத் தவணையாவது தனியாக இருக்க வேண்டும். ஆணை புதுப்பிக்கத் தாமதமானாலும் தவணைத் தேதி நிற்காது. 90 நாளைத் தாண்டி நிலுவை நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு, அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வரும். முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

நிரந்தர வேலையிலோ பென்ஷனிலோ இருப்பவரை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் கோப்பு வலுவாகும். அவர் பெயர் பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஒரு கிளையில் மறுத்தால் உடனே நாலு இடத்தில் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கலாம். எந்தத் தொகையானாலும் மறுப்புக்கான முக்கியக் காரணத்தை வங்கி எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 2007-இலிருந்தே ரிசர்வ் வங்கி உத்தரவு. "மேலிடத்தில் ஒத்துக்கல சார்" என்று வாய்வார்த்தையில் அனுப்பிவைப்பது தவறு. எது குறை என்று தெரிந்தால் விண்ணப்பதாரர் அதைச் சரிசெய்துகொண்டு வருவார். கிளை மேலாளர்கள் அந்தக் கடிதத்தைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பதாரர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
வங்கிக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
திருச்சி.