பாப்பாவுக்கு, பயணத்துக்கு முன்

கர்த்தருக்குள் அன்பான பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உங்கள் சபை டீம் வியாழக்கிழமை இரவு கிளம்புகிறது என்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது. நீ போன் பண்ணி 11 நாள் ஆகிறது. வேலை அதிகம் இருக்கும், தெரியும்.

முதலில் இன்ஹேலர். அது கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதே. டாக்டர் சீட்டும் கூடவே. எத்தனை நாள் பயணமோ, அதற்கு மேல் ஒரு வாரத்துக்கு மருந்து எடுத்துக்கொள்.

இந்தப் பயணத்துக்கு முதல் தடவை விசா வரவில்லை, இரண்டாம் தடவை விமானமே ரத்து. மறுபடியும் அவசரத்தில் டிக்கெட் எடுத்திருப்பீர்கள், அதனால் கேட்கிறேன்: இரண்டு விமானமும் ஒரே புக்கிங்கிலா? ஒரே புக்கிங் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமானக் கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வராத பயணிகள், அவ்வளவுதான். நடுவில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருந்தால், இறங்கும் நாட்டுக்கும் விசா கேட்கலாம். தேதி தள்ளிப்போனதில் விசாவின் கடைசி நாள் தாண்டுகிறதா என்றும் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் திறந்து பார். பெட்டி வந்து சேராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இன்ஹேலர் கைப்பையில்.

விமானம் ரத்தான அன்று ராத்திரி, வயதானவர்களுக்கு நாற்காலி பிடித்துக் கொடுத்துவிட்டு நீ தரையில் படுத்தாயாம். பாஸ்டர் சொன்னார். கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அதை அவர் சொல்லியா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம்.

சொல்லத் தோன்றாதபடி நான்தான் பேசிவிட்டேனோ என்னவோ. அன்று போனில் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். ஆசியாவுக்கும் பித்தினியாவுக்கும் போகவிடாமல் பவுலை ஆவியானவர் தடுத்தார், உன்னையும் தடுக்கிறார், விட்டுவிடு என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாய்.

அதற்கப்புறம் அதே புத்தகத்தில் 27, 28 அதிகாரங்களை எத்தனை தடவை வாசித்தேன் என்று அம்மாவைக் கேள். நல்ல துறைமுகம் என்ற இடத்தில், இப்போது கிளம்ப வேண்டாம் என்று சொன்னதே பவுல்தான். கைதியான அவரைக் கொண்டுபோன படைத்தலைவன் அதைக் கேட்கவில்லை, மாலுமியையும் கப்பல்காரனையும்தான் நம்பினான். 14 ராத்திரி புயல், 276 பேர், கப்பல் உடைந்து மெலித்தா தீவில் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில்தான் தீவின் தலைவன் புபிலியுவின் தகப்பனுக்குக் காய்ச்சல் தீர்ந்தது, தீவின் நோயாளிகள் எல்லாரும் வந்தார்கள். கடைசியில் பவுல் ரோமாபுரிக்கும் போய்ச் சேர்ந்தார். உன்னிடம் 16-ஐ மட்டும் சொன்னேன். மற்ற இரண்டும் எனக்குத் தெரியாததா?

பாப்பா, கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு டீமில் இருந்தேன். நான் போகாமல் போன அந்தப் பயணம்தான். கர்த்தருக்குச் சித்தமில்லை, அதனால் தடைப்பட்டது என்று உங்களுக்கெல்லாம் சொல்லி வளர்த்தேன். நடந்தது அது இல்லை. மழையில் விமானம் ஒரு ராத்திரி தள்ளிப்போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது, பறக்கவும் பயம், அங்கே போய் நின்று பேசவும் பயம். விடிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மற்றவர்கள் அன்று மத்தியானமே ஏறிவிட்டார்கள். அம்மாவுக்குக்கூட இது தெரியாது. இன்றைக்கு ராத்திரி சொல்லிவிடுவேன். என் பயத்தைக் கர்த்தர் பேரில் போட்டேன், அதையே எடுத்து உனக்கும் கொடுக்கப் பார்த்தேன். என்னை மன்னித்துக்கொள்.

மறுபடியும் தாமதமானால் உடனே கோபப்படாதே, கவுன்ட்டரில் இருப்பவர்களிடம் பொறுமையாகப் பேசு. வேறு விமானம் எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். சாப்பிடாமல் இருக்காதே. மூச்சு வாங்கினால் யாரிடமாவது சொல், அடக்கிக்கொண்டு நிற்காதே.

வியாழக்கிழமை ராத்திரி எத்தனை மணியானாலும் நான் விழித்திருப்பேன். ஏறி உட்கார்ந்ததும் ஒரு மெசேஜ் போடு. பேச வேண்டும் என்றில்லை, "ஏறிட்டேன்" என்று போட்டால் போதும்.

அன்புடன்,
அப்பா