டியர் லிஸ்ட் போடும் அண்ணன்மாருக்கு

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

'டியர்' என்று தொடங்கினால் காதல் கடிதம் மாதிரி ஆகிவிடுமே என்றுதான் வணக்கம் வைக்கிறேன். தமிழில் எழுதும்போது அந்த டியரும் தரவரிசைப் படி என்கிற இந்த டியரும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்வது. ஃபைட்டிங் கேம்களில் எந்தக் கேரக்டர் பலசாலி, எது தேறாது என்று எஸ் உச்சி, டி அடி என்று எஸ், ஏ, பி, சி, டி வரிசையில் அடுக்கி நீங்கள் மாதாமாதம் வெளியிடுகிறீர்களே, அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்தப் போட்டியிலும் கப் வாங்கியவன் இல்லை. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்தது 2023 ஜூனில். என் சித்தி மகன் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருந்தான். எங்கள் வீட்டில் தங்க வந்தவன் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். மொத்தம் 18 கேரக்டர்கள். பையன் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்தவன். நெஞ்செல்லாம் முடியோடு மலை மாதிரி நின்ற ரஷ்ய மல்லன் ஸாங்கீஃபைப் பார்த்த பிறகு வேறு யாரையும் பார்க்கவில்லை.

ஸாங்கீஃபின் பேர்போன அடி ஸ்க்ரூ பைல்டிரைவர். எதிராளியைக் கட்டிப்பிடித்து, மேலே எழும்பிச் சுழன்று, தலைகீழாகத் தரையில் செருகுவது. அதைப் போட ஸ்டிக்கை ஒரு வட்டம் சுற்றி பட்டனை அழுத்த வேண்டும். சுற்றும்போது மேல்திசையும் வந்துவிடுமே, கொஞ்சம் தாமதித்தால் ஆள் சும்மா துள்ளிக் குதிப்பான், எதிராளி கீழே நின்று சாவகாசமாக மொத்துவான். பையன் இரண்டு நாள் அதையே பழகினான். இடது பெருவிரல் நுனி கன்றிப்போய் பேண்ட்-எய்டு ஒட்டிக்கொண்டு ஆடினான். மூன்றாம் நாள் என்னைத் தூக்கிச் செருகியபோது அவன் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தார்.

நான்காம் நாள் காலை காபி டம்ளரோடு வந்து நின்றான். "அண்ணா, ஸாங்கீஃப் வேஸ்டாம். டி-யில இருக்கானாம்."

உங்களில் ஒருவர் போட்ட பட்டியலைப் பார்த்திருக்கிறான். அன்றே கென்னுக்கு மாறினான். அடுத்த வாரம் லூக். அப்புறம் ஜேபி. யாரோடும் ஒட்டவில்லை. கல்லூரி திறந்தது, கன்ட்ரோலர் அலமாரிக்குப் போனது.

அந்தப் பட்டியல் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆட்டம் வந்த புதிதில், மேல்மட்டப் போட்டிகளில், ஸாங்கீஃப் சிரமப்பட்டது உண்மைதான். மெதுவாக நடக்கிற ஆள், தூரத்திலிருந்து எறிய அவனிடம் ஒன்றும் கிடையாது, எதிராளி எறிவதையெல்லாம் தாண்டிக் கிட்டே போக வேண்டும். என் வருத்தம் வேறு. அது யாருக்கான பட்டியல் என்று ஒரு வரி நீங்கள் எழுதியிருக்கலாம்.

ஏனென்றால் உங்கள் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இந்த ஆட்டங்கள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன. ஒரு அடியை எதிராளி தடுத்துவிட்டால், அடித்தவன் 4 ஃபிரேம் பின்தங்கி நிற்கிறான் என்று வையுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் பெரும்பாலானவர்களின் வேகமான குத்து 4 ஃபிரேமில் வந்துவிடும். அடித்தவன் மீள்வதற்குள் எதிராளி திருப்பிக் குத்திவிடலாம். அதனால் அந்த அடி 'தண்டிக்கக்கூடியது', ஆபத்தானது, பட்டியலில் ஒரு படி கீழே. சரி. அந்த 4 ஃபிரேம் என்பது நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. எந்த அடி எத்தனை ஃபிரேம் என்பதை மனப்பாடமாக வைத்திருந்து, அது வரப்போவதை எதிர்பார்த்துக் காத்திருக்கிற உங்களுக்கு அது வாசல் அளவு இடைவெளி. என் தம்பியோடு மோதுகிற பையன்களுக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது. அவர்கள் அடிவாங்கிய பயத்தில் தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸாங்கீஃபின் பிடியைத் தடுக்க முடியாது. ஆக, உங்கள் மேஜையில் டி வாங்கிய ஆள் அவர்கள் தெருவில் ரவுடி. இரண்டும் ஒரே நாளில், ஒரே பேட்சில் (கம்பெனி அவ்வப்போது ஆட்டத்தில் செய்கிற திருத்தம்) உண்மை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் ரொம்ப காலமாகவே வரிசையை விட்டுவிட்டு ஜோடி ஜோடியாகப் பார்ப்பார்கள்: இந்த இருவர் பத்து ஆட்டம் ஆடினால் யாருக்கு எத்தனை? 5-5 என்றால் சமம், 6-4 என்றால் ஒருவர் கை ஓங்கியிருக்கிறது, 7-3 என்றால் பரிதாபம். நீங்களும் பேச்சில் இதைச் சொல்வீர்கள். கேட்கிறவனோ 6-4 என்றதும் தோற்றாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறான். போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு ஆட்டத்திலும் நூற்றுக்கு 60 வாய்ப்பு எதிராளிக்கு. மூன்றில் இரண்டு வென்றால் போதும் என்ற செட்டில் பலவீனமானவன் நூற்றுக்கு ஏறக்குறைய 35 தடவை ஜெயிப்பான். ஐந்தில் மூன்று என்றால் 32. மூன்றில் ஒரு செட் கையில் வரும். இதற்காகவா பழகின ஆளை விட்டுவிட்டு ஓடுவது?

சரி, இப்போது உங்கள் பக்கத்துக்கும் வருகிறேன். பட்டியலை எதிர்ப்பவர்கள் எல்லோரும் காட்டுகிற வீடியோ ஒன்று உண்டு. 2004 ஈவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் த்ரீ தேர்ட் ஸ்ட்ரைக் ஆட்டம். டைகோ உமேஹாராவின் கென்னுக்கு உயிர் ஒரு நூலிழைதான் பாக்கி. தடுத்தால்கூட உதிரும் சேதத்திலேயே செத்துவிடுவான். எதிரே ஜஸ்டின் வாங்கின் சுன்-லி, 15 அடி கொண்ட சூப்பர் என்கிற பெரிய தாக்குதலை அவிழ்த்துவிடுகிறாள். டைகோ அத்தனை அடியையும், ஒவ்வொன்றுக்கும் சரியான கணத்தில் ஸ்டிக்கை முன்னால் தட்டி, சேதமில்லாமல் தட்டிவிட்டு (இதற்குப் பெயர் பாரி), திருப்பி அடித்து ஜெயிக்கிறார். கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்து கத்துகிற சத்தத்தை இன்று கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று இதைக் காட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் கென் ஒன்றும் புல் இல்லை. யுன், சுன்-லி, கென் மூவரும்தான் அதில் முதல் வரிசை. அது மட்டுமில்லை, அந்தப் போட்டியில் கோப்பை டைகோவுக்குக் கிடைக்கவில்லை. இறுதியில் அவரைத் தோற்கடித்தவர் கேஓ என்கிற ஜப்பானிய ஆட்டக்காரர். அவர் எடுத்த ஆள் யுன், பட்டியலின் உச்சி. வீடியோ பார்த்த லட்சக்கணக்கானவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. வல்லவன் கையில் புல் இருக்கலாம், எதிரே நிற்பவனும் வல்லவன், அவன் கையில் இருப்பது கத்தி. அந்த அளவுக்கு உங்கள் பட்டியலை நானும் நம்புகிறேன்.

முற்றிப்போன கேஸ்களும் உண்டு. சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூ டர்போவில் ரகசிய கேரக்டராக வந்த அகுமா, காற்றிலிருந்தே நெருப்புருண்டை எறிந்ததில் ஆட்டமே ஆட்டமாக இல்லாமல் போய், போட்டிகளில் அவனைத் தடை செய்தார்கள். அதே ஆட்டத்தில் சாகட் என்ற கேரக்டரின் முந்தைய பதிப்பு வடிவமான 'பழைய சாகட்'டை ஜப்பானில் விதி எதுவும் போட்டுத் தடுக்கவில்லை. எடுப்பது மரியாதை இல்லை என்று ஆட்டக்காரர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு அதுதான். டெக்கன் 7 என்ற இன்னொரு ஃபைட்டிங் கேமில் 2019 டிசம்பரில் லீராய் என்ற புதுக் கேரக்டர் வந்தான். அடுத்த மாதமே ஈவோ ஜப்பானில் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் கையில் அவன்தான். இதற்கெல்லாம் பட்டியல்கூட வேண்டாம், கண் இருந்தால் போதும். அதன் பிறகு பேட்ச் வந்து அவன் பல்லைப் பிடுங்கினார்கள்.

நான் சண்டைக்கு வருவது உச்சியைப் பற்றி இல்லை. உச்சியை நீங்கள் பெரும்பாலும் சரியாகத்தான் பிடிக்கிறீர்கள். அடியில் போடுகிறீர்களே, அங்கேதான் கை கூசாமல் போடுகிறீர்கள். உச்சியில் இருப்பவனை ஆயிரம் பேர் ஆடிப் பார்த்திருப்பார்கள். அடியில் இருப்பவனை யார் ஆடிப் பார்த்தார்கள்? நீங்கள் டி போட்டதால் யாரும் ஆடவில்லை, யாரும் ஆடாததால் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை, எதுவும் வராததால் அடுத்த மாதமும் டி.

ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயைப் பாருங்கள். 2001-இல் வந்த ஆட்டம். பேட்ச் போட்டு யாரையும் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அன்று இருந்த அதே 26 பேர், அதே பலம், அதே பலவீனம். அதில் யோஷி என்கிற பச்சை டைனோசர் பல வருஷம் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்தது. ஜப்பானைச் சேர்ந்த ஆம்சா என்ற ஆட்டக்காரர் அதை விடவில்லை. அதன் முட்டைக் கவசத்தை மிகச் சரியான ஃபிரேமில் போட்டால் அடியை அப்படியே உதறிவிடலாம், இரண்டாவது குதியின்போது அடியைத் தாங்கிக்கொண்டே திருப்பி அடிக்கலாம் என்பதையெல்லாம் வைத்தே ஒரு முழு ஆட்டத்தைக் கட்டினார். 2022 அக்டோபரில் தி பிக் ஹவுஸ் 10 என்ற பெரிய போட்டியை யோஷியோடு வென்றார். ஆட்டம் வெளியாகி ஏறக்குறைய 21 வருஷம். அந்த 21 வருஷத்தில் யோஷியின் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. மாறியது பட்டியல்தான்.

இன்னொருவரையும் சொல்ல ஆசை. 2014 ஈவோவில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஃபோரை வென்ற பிரெஞ்சுக்காரர் லஃபி. அதில் 44 கேரக்டர்கள். அவர் எடுத்தது ரோஸ். அந்தக் காலத்தில் ரோஸ்தான் கோப்பை வாங்குவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் டீக்கடையில்கூட உட்கார விட்டிருக்க மாட்டார்கள். சுற்றிலும் பலரும் பெரிய பெரிய ஆர்கேட் ஸ்டிக்கை (கைப்பிடியும் பட்டன்களும் கொண்ட பெட்டி) மடியில் வைத்திருக்க, அவர் கையில் இருந்தது முதல் பிளேஸ்டேஷனோடு வந்த பழைய சாம்பல் நிற கன்ட்ரோலர்.

நம் ஊர் ஆள் என்று நாம் உரிமை கொண்டாடும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேரக்டர் தால்சிமையும் விட முடியாது. (கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, ரப்பர் மாதிரி நீளும் கை, இந்திய யோகி என்றால் இப்படித்தான் என்று யார் சொன்னார்களோ. அது வேறு மடலுக்கான சங்கதி.) சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூ டர்போவில் அவர் முன்வரிசைக்காரர். பிறகு வந்த பல ஆட்டங்களில் அதே நீளக் கையோடு பட்டியலின் ஒவ்வொரு மூலைக்கும் போய் வந்துவிட்டார். 'தால்சிம் வீக்' என்று ஒரு வாக்கியம் சொன்னால், எந்த ஆட்டத்தில், எந்த வருஷத்தில், யார் கையில் என்று மூன்று கேள்வி அதற்குள்ளேயே காத்திருக்கிறது.

உங்களிடம் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. பட்டியலின் நெற்றியில் தேதியையும் பேட்ச் எண்ணையும் போடுங்கள். எந்த மட்டத்து ஆட்டத்துக்கு என்று எழுதுங்கள். ஒரு கேரக்டரை நீங்களே ஐம்பது ஆட்டமாவது ஆடிப் பார்க்கவில்லை என்றால் அவனுக்கு எழுத்து போடாமல் 'தெரியாது' என்று ஒரு வரிசை வைத்து அதில் போடுங்கள். அது அசிங்கம் இல்லை. புது ஆட்டம் வந்த முதல் வாரமே போட்டுத்தான் ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். ஆள் பெயரைப் படித்து முடிப்பதற்குள் ராங்க் கார்டு கொடுத்தால் எப்படி?

கம்பெனிக்காரர்களிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்கிறேன் என்று தோன்றலாம். அவர்களுக்கு என் குரல் எட்டாது. உங்கள் குரல் எட்டும். மேலே இருப்பவனை இறக்கு என்று நீங்கள் போடுகிற சத்தத்துக்கு பேட்ச் வருகிறது. கீழே இருப்பவனை இன்னும் ஆறு மாதம் ஆடிப் பார்ப்போம் என்று யாரும் சத்தம் போடுவதில்லை.

2024 மே மாத பேட்சில் ஸாங்கீஃபுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தார்கள். அதன் பிறகு வந்த சில பட்டியல்களில் ஆள் விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டான். அதைப் பார்த்ததும் தம்பிக்கு அனுப்பலாம் என்று கை போனது, அனுப்பவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு விட்டவன் பட்டியலைப் பார்த்துவிட்டே திரும்பி வர வேண்டுமா என்று ஒரு வீம்பு.

இந்தச் சனிக்கிழமை வருகிறான். ஏதோ தோன்றி, "அந்த ரஷ்யாக்காரன் இருக்கானா?" என்று அவனே கேட்டான். கன்ட்ரோலரை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து சார்ஜில் போட்டிருக்கிறேன். பேண்ட்-எய்டு ஒரு பாக்கெட் வாங்க வேண்டும். அடுத்த பட்டியலை மட்டும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குப் பிறகு வெளியிட முடியுமா?

அன்புடன்,
ஒரு ஸாங்கீஃப் ஆட்டக்காரன் மற்றும் அவன் தம்பி சார்பாக