‘வேகத்தடை’ என்று எழுதிய கட்டுரையாளருக்கும் சேர்த்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கால்பந்துச் சிறப்பிதழில் வந்த திரைப்படக் கட்டுரையைப் படித்தேன். ‘பெண்ட் இட் லைக் பெக்காம்’, ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ இரண்டையும் பற்றி ஆர்வமாக எழுதிக்கொண்டே வந்தவர், கடைசிப் பத்தியில், “குடியேறிகளின் சோகக்கதைதான் இந்தப் படங்களில் வேகத்தடை, அதைத் தாண்டிவிட்டால் விறுவிறுப்பான ஆட்டம் காத்திருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். அச்சுக்குப் போகுமுன் தாங்களும் இந்த வரியைப் படித்திருப்பீர்கள் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

அந்த வேகத்தடையை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும்? 2002-ல் வந்த குரிந்தர் சத்தாவின் ‘பெண்ட் இட் லைக் பெக்காம்’ படத்தில், கால்பந்து ஆடத் துடிக்கும் ஜெஸ் என்ற பெண்ணின் அப்பாவாக அனுபம் கெர் நடித்திருப்பார். நைரோபியில் படித்த காலத்தில் அந்த அப்பா பேர்போன வேகப்பந்து வீச்சாளர். இங்கிலாந்துக்கு வந்தபின் கிளப்பில் தலைப்பாகையைக் கேலி செய்து துரத்திவிடுகிறார்கள். அன்றோடு விளையாட்டையே விட்டுவிடுகிறார். தான் பட்ட அவமானம் மகளுக்கும் வந்துவிடக்கூடாதே என்றுதான் அவளைத் தடுக்கிறார். தங்கள் கட்டுரையில் அந்த மனிதருக்குக் கிடைத்தது ‘கட்டுப்பெட்டித் தந்தை’ என்ற இரண்டு சொற்கள். அவர் பட்டது தெரியாவிட்டால், கடைசியில் மகளைப் போய் விளையாடச் சொல்கிறாரே, அதற்கு என்ன மதிப்பு?

2018-ல் வந்த மலையாளப் படமான ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ பற்றிய பத்தி இன்னும் மோசம். அதில் வரும் ஆட்டக்காரன் சாமுவேலை ‘சூடானிலிருந்து வந்த வீரர்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவன் நைஜீரியன், படத்தின் தலைப்பிலேயே நாட்டின் பெயர் இருக்கிறது. கேரளத்தின் மலப்புறத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மைதானங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து யார் வந்து ஆடினாலும் ‘சுடானி’ என்ற ஒரே பெயரில் கூப்பிட்டுவிடும் வழக்கத்தைத்தான் அந்தப் படம் எடுத்துக் காட்டுகிறது. எழுதியவர் கவனிக்கவில்லை, மெய்ப்பு பார்த்தவரும் கவனிக்கவில்லை. தேசிய விருது வாங்கியதைச் சொன்னவர், சாமுவேலாக நடித்த நைஜீரிய நடிகர் தமக்கு நிறம் காரணமாகக் குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டதாகப் பொதுவில் சொன்னதையும், பிறகு தயாரிப்பாளர்களோடு பேசித் தீர்த்துக்கொண்டு குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றதையும் சொல்லவில்லை. அயல்நாட்டு ஆட்டக்காரனின் கதையைச் சொல்லும் படத்துக்கு இது சம்பந்தமில்லாத செய்தியா?

அந்தப் படத்தில் சாமுவேல் காயம்பட்டு மேனேஜர் மஜீதின் வீட்டில் கிடக்கிறான். பாஸ்போர்ட் இல்லை. ஊரில் பாட்டி இறந்துபோன செய்தி வருகிறது, போக வழியில்லை. அங்கே டிவியை நிறுத்திவிட்டு எழுந்துபோனவன் நான்.

தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தேன். எக்ஸிட் பெர்மிட்டில் முதலாளி கையெழுத்துப் போடாமல் கத்தாரை விட்டு வெளியே வர முடியாத காலம் அது. பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ் பீரோவில் இருக்கும். அப்பா தவறிய செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. வெள்ளி விடுமுறை, கையெழுத்துப் போடவேண்டியவரும் வெளிநாடு போயிருந்தார். தொழிலாளர்கள் தங்கும் எங்கள் கேம்பின் பொறுப்பாளர், கேம்ப் பாஸ், ஒரு மலையாளி, நல்ல மனிதர், யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. வீட்டுக்கு மூத்த மகன் நான். கொள்ளி வைத்தது என் சித்தப்பா மகன். பெரும்பாலான தொழிலாளர்களுக்கு அந்த பெர்மிட் முறையை எடுத்தது 2018-ல். வேறு வேலைக்கு மாறவேண்டுமென்றால் பழைய முதலாளியிடம் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்கவேண்டும் என்ற விதி 2020 வரை இருந்தது.

அன்று சாயங்காலம் கேம்புக்குப் பின்னால் ஜல்லி பரப்பிய பொட்டலில் வழக்கம்போல மேட்ச். நேபாளிகளுக்கும் கானாக்காரர்களுக்கும். என்னைக் கட்டிலில் தனியாக விட மனசில்லாமல் அறைக்காரர்கள் கைபிடித்து அழைத்துப்போய் ஓரமாக உட்கார வைத்தார்கள். என் வருகைப் பதிவேட்டில் எல்லாரும் எண்கள்தான். போர்மேன் கூப்பிடுவதும் அந்த எண்ணைச் சொல்லித்தான். அந்தப் பொட்டலில் மட்டும் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கத்தினார்கள். இடைவேளையில் கானாக்காரர் ஒருவர் வந்து, பேசாமல், வியர்வையோடு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார். இதில் எது ஆட்டம், எது சோகக்கதை என்று கட்டுரையாளர் எனக்குப் பிரித்துக் காட்டட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 உலகக் கோப்பையின்போது கத்தாரின் 8 ஸ்டேடியங்களையும் வண்ணப் படங்களோடு போட்டிருந்தீர்கள். இறுதி ஆட்டம் நடந்த லுசைல், கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டிய 974, எல்லாம் இருந்தன. கட்டியவன் முகம் ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றி நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். ‘ஸ்டேடியப் படங்கள் கண்ணைக் கவர்ந்தன’ என்ற என் முதல் வரியை மட்டும் எடுத்துப் பிரசுரித்தீர்கள். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் அதைக் காட்டிப் பாராட்டினார்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் அதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று கூசிப்போனேன். நம் சினிமாவிலும் வளைகுடாக்காரன் என்றால் சென்ட் பாட்டிலும் கூலிங்கிளாசும்தானே. பத்திரிகையாவது வேறு மாதிரி இருக்கும் என்று நம்பித்தான் சந்தா கட்டுகிறோம்.

2018-ல் மெசூட் ஓசில் ஜெர்மனி அணியை விட்டு விலகியது தாங்கள் அறியாததல்ல. கெல்சன்கிர்சனில் பிறந்து, 2014-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடியவர். ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி என்று மனம் நொந்து எழுதிவிட்டுப் போனார். உலகக் கோப்பை வென்றவருக்கே அந்தக் கதி என்றால், ஜல்லிப் பொட்டலில் ஆடுகிறவனைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்?

எழுதியிருக்கிறார்கள், படமும் எடுத்திருக்கிறார்கள். ஆடம் சோபலின் ‘தி ஒர்க்கர்ஸ் கப்’ 2017-ல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ஆவணப்படம். கத்தாரின் லேபர் கேம்புகளில் இருப்பவர்களுக்காக நடத்திய போட்டியைப் பற்றியது. 24 கம்பெனிகளின் அணிகள். அதில் ஒரு கானா இளைஞன் வருகிறான். கால்பந்து கிளப்பில் சேர்த்துவிடுவதாக ஏஜென்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறியவன். வந்து இறங்கிய பிறகுதான் கட்டட வேலை என்று தெரிகிறது. ஆனாலும் ஆடுகிறான்; சக தொழிலாளிகள் கேலரியில் மேளம் தட்டி ஆர்ப்பரிக்கிறார்கள். ஆட்டம் முடிந்தால் பஸ் அவர்களை மறுபடி கேம்புக்குத்தான் கொண்டுபோகும். புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் தெருக்களில் தங்கள் பத்திரிகை விற்கிறது. அங்கே விற்கும் சிறப்பிதழில் இந்தப் படத்துக்கு ஒரு வரி இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் சாமுவேல் நைஜீரியர் என்று ஒரு திருத்தம் போடுங்கள். அதற்குக் கீழே ‘தி ஒர்க்கர்ஸ் கப்’ படத்தின் பெயர், இயக்குநர், ஆண்டு, இந்த மூன்றையும் ஒரே வரியில் கொடுங்கள். பார்க்க விரும்புகிறவர்கள் தேடிப் பார்த்துக்கொள்வார்கள். என் தங்கை மாப்பிள்ளை இன்னும் அதே கம்பெனியில் வேலை பார்ப்பதால் என் பெயர் வேண்டாம். கடிதத்தை வெட்டுவதானால் முதல் வரியை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். இடமே இல்லையென்றால் கடிதத்தை விட்டுவிட்டு அந்தத் திருத்தத்தையும் அந்த ஒரு வரியையும் மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
அறந்தாங்கி.